விடுதிக்கும் வீட்டுக்கும் நடுவில்

கிணற்றுக்காகப் போராடியதை எழுதியிருக்கிறோம். கோயில், குளம், சுடுகாட்டுப் பாதை, பஞ்சமி நிலம், டீக்கடைத் தம்ளர் என்று எல்லாவற்றுக்கும் நம்மிடம் கொஞ்சமாவது எழுத்து இருக்கிறது. ஆனால் நம்மில் பலரை எழுத வைத்த இடமே ஹாஸ்டல்தான். அதைப் பற்றி மட்டும் நாம் அவ்வளவாகப் பேசியதில்லை. சோற்றில் புழு இருந்தது, கக்கூசில் தண்ணீர் வரவில்லை என்று மாணவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு சாலையில் உட்காரும் நாளில் பேப்பரில் ஒரு படம் வரும். மறுநாள் மறந்துவிடுவார்கள்.

அப்படியே பேசினாலும் கல்வியின் வரலாற்றில் ஒரு ஓரமாகத்தான் ஹாஸ்டலை வைக்கிறார்கள். நான் அதை வீட்டின் வரலாறாகப் பார்க்கிறேன். சேரியில் நாம் பிறந்த வீடு நம்முடையதாக இருக்கவில்லை. நகரத்தில் நமக்கு வீடு கொடுப்பவன் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் சில வருஷம் காலை ஊன்றிக்கொள்ளக் கிடைத்த கூரைதான் ஹாஸ்டல். சிறையிலிருந்து வெளியே வந்தவர், மனநல மருத்துவமனையிலிருந்து குணமாகி வந்தவர், புருஷன் அடி தாங்காமல் வந்த பெண் ஆகியோருக்கு இன்று சமூகப்பணியாளர்கள் 'இடைக்கால ஆதரவுத் தங்குமிடம்' என்று ஒன்றைச் சொல்கிறார்கள். கூரை மட்டும் போதாது, பக்கத்தில் ஆள் வேண்டும், வேலைக்கு வழி வேண்டும், அடுத்த வீட்டுக்குப் போகும்வரை யாரும் துரத்தக்கூடாது என்பது அதன் சாரம். பெயர்தான் புதுசு. நம் ஆட்கள் பெயர் வைக்காமலே இதைச் செய்திருக்கிறார்கள்.

முதலில் சேரி வீட்டைச் சொல்லிவிட வேண்டும். எங்க ஆயா சொல்லும்: "குடிசைதான்டா நம்மளுது, அது நிக்கிற மண்ணு ஆண்டையோடது." 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு எழுதிய குறிப்பு நம் வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். 1892இல் வந்த அரசாணைக்கும், பின்னால் பஞ்சமி நிலம் என்று நாம் சொல்லும் நிலத்துக்கும் அதுதான் தொடக்கம். நாம் அதை நிலத்துக்காக மட்டுமே படிக்கிறோம். சேரி நத்தமே மிராசுதாரின் பிடியில் இருந்தது என்பதும் அந்தக் குறிப்போடு சேர்ந்த விஷயம். கூலி கேட்டால் வேலையில்லை என்று மட்டும் சொல்ல மாட்டான், குடிசையைப் பிரிச்சுக்கோ என்பான். தஞ்சாவூர்ப் பக்கம் இது இன்னும் கொடுமை. கூலிநெல் கொஞ்சம் கூட்டிக் கேட்ட கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25ஆம் தேதி 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். குடியிருப்பு மனையில் இருப்பவனுக்கே அதைச் சொந்தமாக்கும் சட்டம் 1971இல்தான் வந்தது. அதற்குப் பிறகும் பட்டா கைக்கு வந்ததா என்று கேட்டால் ஊருக்கு ஊர் வேறு கதை சொல்வார்கள்.

இப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டு ஒரு பிள்ளை எப்படிப் படிக்கும்? விளக்கில்லை, இடமில்லை என்பதெல்லாம் அப்புறம். வீட்டில் இருந்தால் ஆண்டை கூப்பிடும் தூரத்தில் இருக்கிறான் என்று அர்த்தம். மாடு கன்னு போட்டாலும் கூப்பிடுவான், கல்யாணத்துக்குப் பந்தல் போடவும் கூப்பிடுவான். ஊரை விட்டு வெளியே ஒரு பாய் போட இடம் கிடைத்தால்தான் படிப்பு.

இதை முதலில் புரிந்துகொண்டவர்கள் பாதிரிமார்கள். 'போர்டிங்' என்ற சொல்லே அவர்கள் கொண்டுவந்ததுதான். சிங்கப்பெருமாள்கோயில் பக்கம் மெல்ரோசாபுரம் என்று ஒரு ஊர் இருக்கிறது. ஆடம் ஆண்ட்ரூ என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1890களில் நம் சனங்களை மிராசுதாரின் மண்ணிலிருந்து பிரித்துக் கொண்டுபோய்க் குடிவைத்த ஊர் அது. இதற்கு விலையாக ஞானஸ்நானம் கேட்டார்களா, கேட்காமலே கொடுத்தார்களா என்று இன்றுவரை சண்டை நடக்கிறது. நான் அந்தச் சண்டைக்குப் போகவில்லை. ஆண்டை விலை கேட்கவில்லையா என்ன?

நம் ஆளே நம் பிள்ளைகளுக்கு நடத்திய இடம் என்று எடுத்தால் எங்கள் தென்னாற்காட்டில் முதலில் வாயில் வருவது சிதம்பரம் நந்தனார் பள்ளி. ஆரணிப் பக்கத்து மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்த முனுசாமி, வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளிடம் சீடராக இருந்து சகஜானந்தர் ஆனார். 1916இல் சிதம்பரத்தில் 25 பிள்ளைகளோடு பள்ளியைத் தொடங்கினார். அவர் வேறு எங்கும் போகாமல் ஓமக்குளத்துப் பக்கம் உட்கார்ந்தார் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். நந்தன் நெருப்பில் இறங்கினான் என்று சொல்லும் இடம் அது. கோயிலுக்குள் போக வேண்டுமானால் வெந்துவிட்டு வா என்று சொன்ன ஊரில், வேகாமலே வந்து தங்கு, சாப்பிடு, படி என்று ஒருத்தர் சொன்னார்.

அவருடைய பக்தியும் காவி வேட்டியும் சைவமும் நம்மில் பலருக்கு ஒத்துவராது. எனக்கும் ஒத்துவராது. காங்கிரசோடு அவர் வைத்த உறவுக்கும் விமர்சனம் உண்டு. ஆனால் அவர் வெறும் பள்ளிக்கூடத்தோடு நிற்கவில்லை. ஆண்பிள்ளைகளுக்கு, பெண்பிள்ளைகளுக்கு என்று தங்குமிடமும் சேர்ந்து வளர்ந்தது. மேலவையிலும் பேரவையிலும் பல வருஷம் உட்கார்ந்து பேசியவர், 1959இல் சாகும்வரை அந்த மடத்தை விடவில்லை. 'நந்தனார் ஸ்கூல்ல படிச்சவன்' என்று எங்கள் பக்கம் ஒருத்தரைச் சொன்னால் அவர் எந்த ஊர், யார் மகன் என்று கேட்கவே தேவையில்லை. பள்ளிக்கூடமே ஒரு ஊர் ஆகிவிட்டது. 1932இல் காந்தி தொடங்கிவைத்த ஹரிஜன சேவக சங்கமும் விடுதி நடத்தியது. அதன் நிர்வாகத்தில் தீண்டப்படாதவர்களுக்கு இடம் வைக்கவில்லை என்று அம்பேத்கர் கண்டித்தார். சோறு ஒன்றாக இருந்தாலும் போடுகிற கை யாருடையது என்பதில் எல்லாம் இருக்கிறது.

அம்பேத்கரின் வாழ்க்கையையே வீடு வீடாகச் சொல்ல முடியும். மும்பைப் பரேலில் ஒற்றை அறையில் அப்பாவும் மகனும் முறைவைத்துத் தூங்கினார்கள். 1913இல் நியூயார்க் போனபோது முதலில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹார்ட்லி விடுதியில் இருந்தார், பிறகு லிவிங்ஸ்டன் விடுதியில் நவல் பதேனா என்ற பார்சி நண்பரோடு ஒரே அறையில் இருந்தார். அந்த அறை அவருக்குக் கடைசிவரை நீடித்த ஒரு சிநேகத்தையும் கொடுத்தது. சாதி கேட்காத அறை எப்படி இருக்கும் என்று அவர் உடம்பால் தெரிந்துகொண்டது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

இனி 1917ஐப் பாருங்கள். வெளிநாட்டில் படித்துவிட்டுப் பரோடா மன்னருக்குச் செய்துகொடுத்த ஒப்பந்தப்படி வேலைக்கு வருகிறார். வயது 26. வேலை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, படுக்க இடம் இல்லை. இந்து ஓட்டலில் சேர்க்க மாட்டார்கள். பார்சிகளின் சத்திரம் ஒன்றில் ஒரு பார்சிப் பெயரை எழுதி, நாளைக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்துத் தங்குகிறார். மாடியில் தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவில் அவர் ஒருத்தர்தான். பதினோராவது நாள் கையில் தடியோடு ஒரு கூட்டம் வந்து, சாயங்காலத்துக்குள் காலி செய் என்று சொல்லிவிட்டுப் போகிறது. தெரிந்தவர்கள் இரண்டு பேரிடம் கேட்டுப் பார்க்கிறார். இந்து நண்பர், நீ வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்கிறார். கிறிஸ்தவ நண்பர், மனைவி வரட்டும் கேட்டுச் சொல்கிறேன் என்கிறார். ராத்திரி ஒன்பது மணி ரயில் வரைக்கும் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு மும்பைக்குத் திரும்புகிறார்.

அந்த வரலாற்றை நாம் அவமானத்தின் வரலாறாகவே படித்துப் பழகிவிட்டோம். இன்னொன்றும் அதில் இருக்கிறது. படிப்பு வந்துவிட்டது, உத்தியோகம் வந்துவிட்டது, இருந்தும் வாழ்க்கை நிற்கவில்லை. படிப்பையும் உத்தியோகத்தையும் தாங்கிப் பிடிக்க ஒரு கதவு வேண்டும், அது இல்லாததால் வேலையே போனது. (அதே குஜராத்தில் ஒரு வீட்டுவசதிச் சங்கம் பார்சிகளுக்கு மட்டும்தான் இடம் என்று விதி வைத்துக்கொள்ளலாம் என்று 2005இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 88 வருஷம்.)

1924இல் அம்பேத்கர் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை அடுத்த வருஷமே சோலாப்பூரில் ஒரு மாணவர் விடுதி திறந்தது. எடுத்த எடுப்பில் செய்த காரியங்களில் ஒன்று அது. கோலாப்பூரில் சாகு மகாராஜா 1908இலேயே தீண்டப்படாத மாணவர்களுக்கு விடுதி வைத்த முன்மாதிரி பக்கத்தில் இருந்தது. என்றாலும் பரோடா பூங்காவில் உட்கார்ந்த மனுஷன் விடுதி திறந்ததற்கு வேறு ஆதாரம் எதுவும் தேட வேண்டியதில்லை.

சென்னை மாகாணத்தில் அரசாங்கம் இந்தக் காரியத்தைக் கையில் எடுத்தது 1920இல் லேபர் கமிஷனர் என்று ஒரு பதவி உண்டான பிறகு. மனை வாங்கிக் கொடுப்பது, கிணறு வெட்டுவது, பள்ளி, உதவித்தொகை, விடுதி எல்லாம் அந்த இலாகாவின் கீழ் வந்தன. பழைய ஆட்கள் 'லேபர் ஸ்கூல்' என்று சொல்வது இதனால்தான். நம்மைப் படிக்கிறவர்களாகக் கூட இல்லை, கூலிகளாக வகைப்படுத்தித்தான் அரசாங்கம் நமக்குப் பள்ளி வைத்தது. அதே கமிஷனர் கையில்தான் கள்ளர் சீரமைப்பும் இருந்தது. குற்றப்பரம்பரைச் சட்டத்தில் ரேகை வைக்கச் சொல்லி ஆள் எண்ணிய ஆட்சிதான் இங்கே வந்து பிள்ளைகளையும் எண்ணியது. இன்றைக்கும் ஒரு விடுதியில் நுழைந்ததும் கண்ணில் படுவது வருகைப் பதிவேடு. வார்டனுக்குத் தெரிந்த ஒரே கேள்வி எத்தனை பேர் என்பது. எத்தனை பேர் கரையேறினார்கள் என்ற கேள்வி அந்தப் பதிவேட்டில் எந்தக் கட்டத்திலும் இல்லை. இது காலனியாட்சி விட்டுப்போன குணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அரசு விடுதி வந்ததால் பெருகியது உண்மை. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் நான் இதை எழுத மாட்டேன். ஆனால் நந்தனார் மடம் மாதிரி இடங்களில் இருந்த ஒன்று பெருகவில்லை. பையனுக்கு அடுத்து என்ன என்று கவலைப்பட ஒரு ஆள் அங்கே இருந்தார். அரசு விடுதியில் கூரை இருக்கிறது, சோறு இருக்கிறது. 2023இல் உணவுப்படியைப் பள்ளி மாணவருக்கு மாதம் 1,400, கல்லூரி மாணவருக்கு 1,500 ரூபாய் என்று உயர்த்தினார்கள். நாளைக்கு மூன்று வேளைக்கும் சேர்த்து ஐம்பது ரூபாய்க் கணக்கு. கடைசிப் பரீட்சை எழுதிய மறுநாள் பெட்டியைக் கட்டச் சொல்வார்கள். 2025 ஜூலையில் எல்லா அரசு மாணவர் விடுதிகளுக்கும் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றம் அறிவித்தார்கள். சாதிப்பெயர் பலகையிலிருந்து போனதில் எனக்குச் சந்தோஷம்தான். பெட்டி கட்டும் நாளுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கலாம்.

பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கே போவது? அரசு பதில் சொல்லாத அந்தக் கேள்விக்கு மாணவர்களே ஒரு பதில் உண்டாக்கினார்கள். அதன் பெயர் 'கெஸ்ட்'.

நான் ஆறாம் வகுப்பில் டிரங்குப்பெட்டியும் தட்டுமாக ஹாஸ்டலில் நுழைந்தவன். எம்.ஏ. முடியும்வரை மூன்று விடுதிகள். பிறகு 1995லிருந்து இரண்டு வருஷம் சென்னையில் ஒரு விடுதியில் கெஸ்ட். அதாவது பதிவேட்டில் இல்லாதவன். நான்கு பேருக்கு ஒதுக்கிய அறையில் ஒன்பது பேர் இருந்தோம். நான்கு பேர் ஓனர்கள், ஐந்து பேர் கெஸ்ட். ஓனர் கட்டிலில் படுப்பான், கெஸ்ட் தரையில். வெயில் காலத்தில் எல்லாரும் மொட்டை மாடிக்குப் போய்விடுவதால் இந்த வர்க்கபேதம் ஒழிந்துவிடும்.

அதற்கு எழுதாத சட்டங்கள் இருந்தன. சோறு கடைசிப் பந்தியில். ஓனர் எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் இருப்பதைப் பங்கு போடுவோம். சமையல்கார அண்ணன் நம்ம ஆள். சாம்பாரில் தண்ணீர் ஊற்றிப் பெருக்கும்போது, "உங்களுக்காவத்தான்டா ஊத்துறேன், என்னைத் திட்டாதீங்க" என்பார். இன்டர்வியூவுக்குப் போக அறைக்கு ஒரு நல்ல சட்டை, ஒரு ஜோடி ஷூ. என் காலுக்கு அந்த ஷூ ஒரு சைஸ் பெரிசு, பேப்பரைச் சுருட்டி முன்னால் அடைத்துக்கொண்டு போவேன். விண்ணப்பத்துக்குப் போஸ்டல் ஆர்டர் வாங்க எல்லாரும் சில்லறை போடுவார்கள். சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்கு ஒருத்தன் கணக்குச் சொல்லித் தருவான், ஒருத்தன் இங்கிலீஷ். வேலை கிடைத்தவன் முதல் சம்பளத்தில் பாதியை அறைக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மூன்றாம் மாதத்துக்குள் இடத்தைக் காலி செய்து அடுத்தவனுக்கு விட வேண்டும். ஊரிலிருந்து எவனாவது பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்து, "அண்ணா, இவனுக்கு ஒரு எடம்" என்று நின்றால் எடம் இல்லை என்று சொல்லக்கூடாது. இதுதான் முதல் சட்டம்.

அதிகாரிகள் எங்களை 'வெளியாட்கள்' என்பார்கள். திடீர்ச் சோதனை வருகிறது என்று வாட்ச்மேன் சொல்லி அனுப்புவார். பாயைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டுச் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கோ மெரினாவுக்கோ போய் இரவைக் கழிப்போம். விடுதி அசுத்தமானதற்கும் வெளியாட்கள்தான் காரணம், ரவுடித்தனத்துக்கும் வெளியாட்கள்தான் காரணம் என்று அறிக்கை எழுதுவார்கள். கெஸ்டுகளில் குடித்துவிட்டுச் சண்டை போட்டவன் இருந்தான், நான்கைந்து வருஷமாக எதுவும் எழுதாமல் தூங்கினவனும் இருந்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் அறையில் இருந்த ஒன்பது பேரில் ஏழு பேர் இன்று மாதச் சம்பளக்காரர்கள். ஒரு பைசா அரசு செலவில்லாமல், அரசு துரத்தத் துரத்த நடந்த காரியம் இது.

அப்புறம் வேலை கிடைத்து வீடு தேடினேன். பரோடா எனக்கு அப்போதுதான் புரிந்தது. சென்னையில் நேராகச் சாதி கேட்க மாட்டார்கள். சொந்த ஊர் எது? ஊரில் எந்தத் தெரு? அப்பா என்ன பண்றார்? கறி சாப்பிடுவீங்களா? 'சைவம் மட்டும்' என்று போர்டு போட்டவனாவது பரவாயில்லை, ஆட்டோ செலவு மிச்சம். ஒரு வீட்டில் பத்து மாத அட்வான்சைக் கையில் வாங்கி எண்ணிவிட்டு, என் ஆபீசுக்குப் போன் பண்ணி விசாரித்துவிட்டு, பொண்ணு ஊரிலிருந்து வருது, வீடு தேவைப்படுது என்று திருப்பிக் கொடுத்தார்கள். அந்த மூன்று மாதமும் நான் படுத்தது பழைய அறையில்தான். மூன்று மாதக் கெடு எதற்கு வைத்தார்கள் என்று அப்போது தெரிந்தது. முன்னால் போனவன் வீடு தேடித் திரிந்த அனுபவம் அது.

விடுதியிலிருந்து ஒருவனை வெளியேற்றுவது சின்னத் தண்டனை என்று நினைக்கிறவர்கள் ஹைதராபாத்தைப் பார்க்கட்டும். மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஐந்து ஆய்வு மாணவர்களை விடுதியிலிருந்தும் பொது இடங்களிலிருந்தும் விலக்கினார்கள். 2016 ஜனவரி தொடக்கத்தில் அறைகள் பூட்டப்பட்டன. படுக்கையையும் அம்பேத்கர் படத்தையும் தூக்கிக்கொண்டு திறந்த வெளியில் தங்கி, அந்த இடத்துக்கு 'வெளிவாடா' என்று பெயர் வைத்தார்கள். ஊருக்கு வெளியே இருக்கும் சேரி என்று அர்த்தம். ஜனவரி 17 அன்று ரோஹித் வெமுலா இறந்தார். இறந்தது ஒரு நண்பனின் விடுதி அறையில். அவரும் அங்கே கெஸ்ட்.

கெஸ்ட் முறையை நான் புகழ்ந்துகொண்டே போனால் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். அது ஆண்களின் வரலாறு. பெண்கள் விடுதியில் ஆறு மணிக்கு கேட்டைப் பூட்டினால் பூட்டினதுதான். மொட்டை மாடி கிடையாது, பரண் கிடையாது, சென்ட்ரல் ஸ்டேஷன் கிடையாது. என் தங்கை கணக்கில் என்னைவிடக் கெட்டி. அவள் பி.எஸ்சி. கடைசிப் பரீட்சை எழுதிய மறுநாள் அப்பா போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான்காம் மாதம் கல்யாணம். "ஒரு வருசம் எங்கனா இருந்திருந்தா பேங்க் பரீச்சை எழுதியிருப்பேண்ணா" என்று அவள் சொன்னது அவள் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு.

சட்டத்துக்கு இந்த நியாயம் தெரியாமல் இல்லை. குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த பிள்ளை 18 வயதில் வெளியே வரும்போது 21 வயதுவரை பிற்காப்பு கொடுக்கலாம் என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. இல்லத்துப் பிள்ளைக்குப் பொருந்துவது விடுதிப் பிள்ளைக்கு ஏன் பொருந்தாது? இரண்டு பேருக்கும் திரும்பிப் போக வீடு இல்லை. நம் பிள்ளைக்கு வீடு இருக்கிறது என்றால் அது எந்த வீடு, எந்த மண்ணில் என்று மேலே சொல்லிவிட்டேன். படிப்பு முடிந்து இரண்டு வருஷம் பதிவேட்டில் பெயரோடு தங்கலாம் என்று ஒரு அரசாணை போட்டால் கெஸ்ட் எல்லாம் ஓனர் ஆகிவிடுவார்கள். மாவட்டத்துக்கு ஒரு கட்டடம் போதும், பெண்களுக்கு முதலில்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு 2023லிருந்து தமிழக அரசு 'தோழி' விடுதிகளைத் திறந்து வருகிறது. நல்ல காரியம். ஆனால் அது மாத வாடகை கட்டக்கூடியவளுக்கு. பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்கும் ஆர்டருக்கும் நடுவில் நிற்கிறவளுக்கு இல்லை.

தங்கை மகளுக்கு இது கடைசி செமஸ்டர். ஏப்ரலில் அறையைக் காலி செய்ய வேண்டும். அப்புறம் எங்கம்மா இருப்பே என்று போன வாரம் கேட்டேன். "நாங்க நாலு பேரு சேந்து ஒரு வீடு பாத்திருக்கோம் மாமா. ஹவுஸ் ஓனரம்மா நல்லாத்தான் பேசுனாங்க. எந்த ஊருன்னு கேட்டாங்க, சொன்னோம். ஞாயித்துக்கெழமை வரச் சொல்லியிருக்காங்க" என்றாள்.